மடக்கி எழுதும் லேப்டாப்: கையில் 30,000 ரூபாய்தான் என்றால்?

கல்லூரிகள் திறக்கும் நாட்களில் பெற்றோர் கேட்கும் கேள்வி இப்போது மாறியிருக்கிறது. முன்பெல்லாம் "எந்த லேப்டாப் நல்லது?" என்று மட்டும் கேட்பார்கள். இப்போது, "திரையை அப்படியே பின்னால் மடக்கி, பேனாவால் எழுதுகிற மாதிரி ஒன்று வேண்டுமாம் பிள்ளைக்கு. முப்பதாயிரத்துக்குள் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள்.

கிடைக்கும். கடையிலும் ஆன்லைனிலும் அந்த விலையில் புதிதாகவே இருக்கிறது. ஆனால் அதை வாங்கலாமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்கு முன், எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் லாத்தா மகள் கணிதம் படிக்கிறாள். மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் டியூஷன் எடுக்கிறாள். அவளுடைய கல்லூரிக் கட்டணத்தில் பெரும்பகுதி அந்த வருமானத்தில்தான் போகிறது. கணக்கை வாயால் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியாது, எழுதிக் காட்ட வேண்டும். அதனால் மடக்கும் லேப்டாப் ஒன்று வாங்கினோம். புதியது, டச் ஸ்கிரீன், கூடவே ஒரு பேனா இலவசம், 29,000 ரூபாய். மனதுக்கு நிறைவாக இருந்தது.

முதல் வாரமே தெரிந்துவிட்டது. ஜூம் வகுப்பும் ஒயிட்போர்டும் சேர்ந்து ஓடினால் திரை உறைந்து நிற்கும். இலவசப் பேனாவால் எழுதும்போது உள்ளங்கை திரையில் பட்டால் அங்கேயும் கோடு விழும். நான்கு மாதத்தில் "இடம் போதவில்லை" என்று விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்றது. இதற்கிடையில் மூன்று பிள்ளைகளின் பெற்றோர் டியூஷனை நிறுத்திவிட்டார்கள்.

இயந்திரத்தில் பழுது ஒன்றும் இல்லை. பெட்டியின் மேல் எழுதியிருந்ததை எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி, செலரான் என்4020. இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது வாங்கிய பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

செலரான் என்4020 என்பது இரண்டே கோர்கள் கொண்ட, 2019இல் வந்த சிப். பாடம் பார்க்க, மெயில் அனுப்பப் போதும். ஒரே நேரத்தில் வீடியோ அழைப்பையும் எழுதும் பலகையையும் அது இழுக்காது. இஎம்எம்சி என்பது எஸ்எஸ்டி அல்ல. போர்டிலேயே ஒட்டப்பட்ட, வேகம் குறைந்த சேமிப்பு. பின்னாளில் கழற்றிப் பெரிதாக மாற்றவும் முடியாது. விண்டோஸ் 11 நிறுவுவதற்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்புதான். அந்த அளவிலேயே ஒரு லேப்டாப் விற்கப்படுகிறது என்றால், வாங்கும் நாளிலேயே அது கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறது என்று பொருள்.

காரணம் எளிது. சாதாரண லேப்டாப்பில் நீங்கள் கொடுக்கும் பணம் சிப், ரேம், எஸ்எஸ்டி, திரை என்று பிரிகிறது. மடக்கும் லேப்டாப்பில் அதே பணத்தில் டச் கண்ணாடிக்கும், முழுவதும் சுழலும் கீலுக்கும், பேனாவுக்கும் பங்கு போக வேண்டும். விலையை உயர்த்தாமல் இதைச் செய்ய, கண்ணுக்குத் தெரியாத இடங்களில்தான் கை வைப்பார்கள்.

ஆகவே முதலில் பிள்ளையிடம் கேட்க வேண்டியது, திரையில் உண்மையிலேயே எழுதப்போகிறாயா என்பதுதான். படம் பார்க்கவும் பிடிஎஃப் படிக்கவும் மட்டும் என்றால், மடக்குவதற்குக் கொடுக்கும் பணம் வீண். சாதாரண லேப்டாப்பில் 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் பார்த்து வாங்கிவிடுங்கள்.

எழுதத்தான் வேண்டும், ஆனால் வீட்டில் ஏற்கனவே ஓடுகிற லேப்டாப் ஒன்று இருக்கிறது என்றால், இன்னும் சிக்கனமான வழி பென் டேப்லெட். வாகாம், ஹூயான், எக்ஸ்பி-பென் ஆகியவை இதில் தெரிந்த பெயர்கள். யுஎஸ்பியில் செருகும் ஒரு தட்டையான பலகை. சில ஆயிரம் ரூபாயில் சிறிய அளவு கிடைத்துவிடும். கை மேசையில் எழுதும், கண் திரையைப் பார்க்கும். முதல் ஒன்றிரண்டு வாரம் கோடு கோணலாகப் போகும், பிறகு பழகிவிடும். பல ஆன்லைன் ஆசிரியர்கள் இதை வைத்துத்தான் வகுப்பு எடுக்கிறார்கள். அதற்கும் வசதியில்லை என்றால், தாளில் எழுதுங்கள், மேலே ஒரு ஸ்டாண்டில் செல்போனைக் கவிழ்த்து வைத்து அதையே கேமராவாகக் காட்டுங்கள். எங்கள் பிள்ளையும் நடுவில் இரண்டு மாதம் அப்படித்தான் ஓட்டினாள்.

இல்லை, திரையிலேயே எழுத வேண்டும், இருப்பதும் இவ்வளவு பணம்தான் என்றால், என் கருத்து இதுதான்: புதிய மலிவு லேப்டாப்பை விட, பெரிய கம்பெனிகளில் ஓடி வெளியே வந்த பழைய பிசினஸ் லேப்டாப் மேல். அலுவலகங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றும்போது இவை ரீஃபர்பிஷ்டு கடைகளுக்கு வருகின்றன. சென்னை ரிச்சி தெருவில் ஒரு சுற்று சுற்றினாலே பார்க்கலாம். புதிதாக இருந்தபோது இவற்றின் விலை நம் பட்ஜெட்டைப் போல் பல மடங்கு. கீல் உறுதி, கீபோர்டு நல்லது, ரேம் பெரும்பாலும் 8 ஜிபி.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கோ, இன்டெல் சிப் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். இதைச் சிப்பின் எண்ணிலேயே பார்க்கலாம். ஐ5-8250யு என்றிருந்தால் முதல் இலக்கம் 8, எட்டாம் தலைமுறை. ஐ5-7200யு என்றால் ஏழு, தவிர்த்துவிடுங்கள். வெளியே பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். உதாரணமாக, எச்பி எலைட்புக் எக்ஸ்360 1030 வரிசையில் ஜி2 ஏழாம் தலைமுறை, ஜி3 எட்டாம் தலைமுறை. "ஜி2விலும் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம்" என்று கடையில் சொல்வார்கள். போடவும் முடியும். ஆனால் அப்படிப் போட்டதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை.

லெனோவாவில் திங்க்பேட் எக்ஸ்380 யோகா, எல்390 யோகா இரண்டும் எட்டாம் தலைமுறை, இரண்டிலும் பேனா உடம்புக்குள்ளேயே செருகி வைக்கும்படி வரும். எக்ஸ்380இல் ரேம் போர்டோடு ஒட்டியது, வாங்கியது வாங்கியதுதான். எல்390 யோகாவில் ரேமைப் பின்னர் கூட்டிக்கொள்ளலாம். சற்றுக் கனம்தான், ஆனாலும் நான் இரண்டாவதையே சொல்வேன்.

மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் கோ பழையதாகக் குறைந்த விலையில் கண்ணில் படும். அழகான பொருள். ஆனால் கீபோர்டும் பேனாவும் தனித்தனியாக விற்கப்படுபவை, அவற்றின் விலையையும் கூட்டிப் பாருங்கள். முதல் சர்ஃபேஸ் கோவுக்கு விண்டோஸ் 11 ஆதரவும் கிடையாது.

பேனா விஷயத்தில் ஒரு வார்த்தை. ரப்பர் முனை கொண்ட சாதாரண ஸ்டைலஸை லேப்டாப் விரலாகவே நினைக்கும். உள்ளங்கை எது, பேனா எது என்று அதற்குத் தெரியாது. திரைக்குள் டிஜிடைசர் இருந்து, அதற்குரிய ஆக்டிவ் பேனாவும் இருந்தால்தான், பேனா அருகே வந்ததும் கைபடுவதைத் திரை ஒதுக்கிவிடும், அழுத்தத்துக்கு ஏற்பக் கோடும் தடிக்கும். டச் ஸ்கிரீன் என்று எழுதியிருப்பதாலேயே டிஜிடைசர் இருக்கிறது என்று ஆகாது. ஒரு வகை லேப்டாப்பின் பேனா இன்னொன்றில் எழுதாமலும் போகலாம். கடையிலேயே பேனாவோடு எழுதிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

எழுதிப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. பெயிண்ட் திறந்து, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு மெதுவாகக் கோடு போடுங்கள். நடுவில் விட்டுப்போனால் அந்த இடத்தில் திரை செத்திருக்கிறது. முழுவதும் மடக்கியபின் கீபோர்டு தானாக அணைய வேண்டும். அணையாவிட்டால், மடியில் வைத்து எழுதும்போது அடியில் எழுத்துகள் தட்டப்பட்டுக்கொண்டே இருக்கும். பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது, கடைக்காரரையே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் டிசைன் கெபாசிட்டி 50,000 என்றும் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 25,000 என்றும் இருந்தால் பேட்டரியின் பாதி ஆயுள் போய்விட்டது.

இதைவிட முக்கியம் பழைய கம்பெனியின் பூட்டு. லேப்டாப்பை ஃபேக்டரி ரீசெட் செய்து, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, ஆரம்பத்திலிருந்து செட்டப் செய்யச் சொல்லுங்கள். ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரைக் காட்டி அவர்களின் மெயிலும் பாஸ்வேர்டும் கேட்டால், அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பயாஸ் பாஸ்வேர்டு கேட்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள்.

வளைகுடாவில் இருக்கும் காக்காவிடமோ மச்சானிடமோ சொல்லி எடுத்துவரச் சொல்பவர்கள் நம்மில் அதிகம். 18 வயது நிறைந்த பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம். கீபோர்டில் அரபி எழுத்தும் சேர்ந்து அச்சாகியிருக்கும், அது குறையல்ல. அங்குள்ள தட்டை முள் பிளக் நம் சுவரில் ஏறாது, ஆனால் சார்ஜரை மாற்ற வேண்டியதில்லை, சுவரில் செருகும் வயரை மட்டும் இங்கே வாங்கி மாற்றினால் போதும். புதியதாக இருந்தால் வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று அங்கேயே கேட்டு, பில்லைப் பத்திரமாக வாங்கிவரச் சொல்லுங்கள்.

கடைசியாகத் தவணை. "நோ காஸ்ட் இஎம்ஐ" என்றால் வட்டியே இல்லை என்று பலரும் நினைக்கிறோம். நடப்பது என்னவென்றால், வங்கி வழக்கம்போல் வட்டி போடுகிறது, அந்தத் தொகையைக் கடையோ கம்பெனியோ விலையில் தள்ளுபடியாகக் கழிக்கிறது. கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்டைப் பார்த்தால் அசல் ஒரு வரி, வட்டி ஒரு வரி என்று தனியாக இருக்கும். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும், பல வங்கிகளில் பிராசசிங் கட்டணமும் உங்கள் தலையில்தான் விழும். பூஜ்ய வட்டித் திட்டங்களில் வட்டி மறைக்கப்படுகிறது என்று சொல்லி ரிசர்வ் வங்கியே 2013இல் அவற்றைத் தடுத்தது. வட்டியிலிருந்து விலகி இருக்க நினைப்பவர்கள், பெயரை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாமல், ஆலிம்களிடம் இந்த முழு விவரத்தையும் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது. நாங்கள் இரண்டாவது முறை வாங்கியபோது, குடும்பத்துக்குள் கைமாற்றாகவே வாங்கி, மாதம் 3,000 வீதம் திருப்பிக் கொடுத்தோம்.

இப்போது அவள் கையில் இருப்பது பழைய எல்390 யோகாதான். 8 ஜிபி ரேம், பேட்டரி சுமார், மூடியில் ஒரு கீறல். வகுப்பு தடையில்லாமல் ஓடுகிறது, விட்டுப்போன பிள்ளைகளில் இருவர் திரும்பி வந்திருக்கிறார்கள். முதலில் வாங்கிய லேப்டாப்பை விற்கப் பார்த்தோம், 9,000க்கு மேல் யாரும் கேட்கவில்லை. லாத்தாதான் அதைக் கூடாரம் போல மடக்கி அடுப்படி மேடையில் நிறுத்தி, சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறார்.