சிபாரிசு இல்லாமல் வந்தவர்

அமெரிக்க அரசின் மூன்று கிளைகளிலும் உயர்பதவி வகித்தவர்கள் மிகச் சிலரே. அப்னர் மிக்வா (1926–2016) அவர்களில் ஒருவர். நாடாளுமன்ற உறுப்பினர், மேல்முறையீட்டு நீதிமன்றத் தலைமை நீதிபதி, ஜனாதிபதி பில் கிளின்டனின் சட்ட ஆலோசகர் எனப் பல பொறுப்புகளில் இருந்தவர். இவையெல்லாம் பின்னால் வந்தவை. அவரை உருவாக்கியது இல்லினாய்ஸ் மாநிலச் சட்டமன்றத்தில் கழிந்த 10 ஆண்டுகள்தான். பிற்காலத்தில் நீதிபதியாக அவர் எழுதிய தீர்ப்புகளில் பழைய சட்டமன்ற உறுப்பினரின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

1926 ஜனவரி 21-ல் மில்வாக்கி நகரில் பிறந்தார். பெற்றோர் உக்ரைனிலிருந்து குடியேறிய யூதர்கள். வீட்டில் பேசியது இட்டிஷ் மொழி. 1930-களின் பெருமந்தத்தில் அந்தக் குடும்பம் அரசு நிவாரண உதவியில் வாழ வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது விமானப் படையில் பயிற்சி பெற்றார். பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1951-ல் பட்டம் வாங்கினார். உச்ச நீதிமன்ற நீதிபதி ஷெர்மன் மின்டனிடம் உதவியாளராகப் பணிபுரிந்துவிட்டுச் சிகாகோவுக்கே திரும்பித் தொழிலாளர் வழக்குகளை நடத்தத் தொடங்கினார்.

சிகாகோ அரசியல் வரலாற்றில் அதிகம் சொல்லப்பட்ட கதை மிக்வாவினுடையது. 1948-ல் சட்ட மாணவராக இருந்தபோது, தேர்தல் வேலை செய்ய விரும்பி ஜனநாயகக் கட்சியின் வார்டு அலுவலகத்துக்குப் போனார். அங்கே சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த நிர்வாகி, அவரை அனுப்பியது யார் என்று கேட்டார். யாரும் அனுப்பவில்லை என்றார் மிக்வா. யாரும் அனுப்பாத ஆள் எங்களுக்கு வேண்டாம் என்று பதில் வந்தது. சம்பளம் வேண்டாம், சும்மாவே உழைக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தும் பயனில்லை. அவர் படிப்பது சிகாகோ பல்கலைக்கழகத்தில் என்று தெரிந்ததும் இன்னும் மோசம். அங்கிருந்து வருகிறவர்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சிகாகோ கட்சி இயந்திரம் பற்றி 1979-ல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற நேர்காணல் தொகுப்புக்கு இந்த உரையாடலிலிருந்துதான் தலைப்பு கிடைத்தது.

அந்த நிர்வாகியின் கோணத்தில் அவர் கேட்டது நியாயமான கேள்வி. நகராட்சி வேலைகள் கட்சிக்காரர்களுக்குக் கிடைக்கும். வேலை கிடைத்தவர் வாக்குச் சேகரிக்க வேண்டும். அவருக்காக ஒரு பெரிய மனிதர் பொறுப்பேற்றிருக்க வேண்டும். 1955-ல் மேயரான ரிச்சர்ட் டேலியின் காலத்தில், கட்சி இயந்திரம் எனப்பட்ட இந்த ஏற்பாடு உச்சத்துக்குப் போனது. இத்தகைய ஊரில் சிபாரிசு இல்லாத ஒருவர் 1956-ல் சட்டமன்றத்துக்கு எப்படி ஜெயித்தார்?

விடை இல்லினாய்ஸின் விசித்திரமான வாக்கு முறையில் இருக்கிறது. 1870-ம் ஆண்டு மாநில அரசமைப்புச் சட்டப்படி கீழவையின் ஒவ்வொரு தொகுதிக்கும் மூன்று உறுப்பினர்கள். ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று வாக்குகள். அவற்றை மூன்று பேருக்குப் பிரித்தும் கொடுக்கலாம், ஒருவருக்கே மொத்தமாகவும் கொடுக்கலாம். பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள ஹைட் பார்க் பகுதியில் கட்சித் தலைமையைப் பிடிக்காத படித்த வாக்காளர்கள் நிறைய. அவர்கள் தங்கள் மூன்று வாக்குகளையும் ஒரே சுயேச்சை மனத்தினருக்குக் குவித்தால் இயந்திரத்தின் கணக்கு அங்கே தப்பிவிடும். சிறுபான்மைக் குரலுக்கு இடம் தந்த அந்த முறையை 1980-ல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் இல்லினாய்ஸ் கைவிட்டது.

தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டில் மிக்வாவுக்குத் துணையாகக் கிடைத்தவர்கள் பால் சைமன், ஆன்டனி ஸ்காரியானோ ஆகியோர். சைமன் லுத்தரன் போதகரின் மகன். பின்னாளில் அமெரிக்க செனட்டரானவர். ஸ்காரியானோ இத்தாலிய வம்சாவளியினர். மாஃபியாவின் பெயரோடு யூத உணவு விதியைக் கலந்து ‘கோஷர் நோஸ்ட்ரா’ என்று இந்தக் கூட்டத்தைச் சக உறுப்பினர்கள் கேலி செய்தார்கள். லஞ்சமும் பரிந்துரையும் சகஜமாக இருந்த அவையில், இவர்கள் தலைமையின் கண்ணசைவுக்கு வாக்களிக்க மறுத்தார்கள்.

அவர்கள் முன்னெடுத்தவற்றில் முக்கியமானது வேலைவாய்ப்பில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம். பல ஆண்டுகள் தோற்ற பிறகு 1961-ல் அது நிறைவேறியது. கறுப்பினத்தவருக்கு வீடு விற்கவோ வாடகைக்கு விடவோ மறுப்பதைத் தடுக்கும் சட்டத்துக்கு அந்த வெற்றி கிடைக்கவில்லை. அதே 1961-ல் மிக்வா உறுப்பினராக இருந்த அவை ஒரு புதிய குற்றவியல் சட்டத் தொகுப்பையும் ஏற்றது. வயது வந்தோர் மனமொத்துக் கொள்ளும் ஒருபால் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து முதலில் நீக்கிய அமெரிக்க மாநிலம் இல்லினாய்ஸ் ஆனது இதனால்தான்.

1964-ல் இன்னொரு வேடிக்கை நடந்தது. தொகுதிகளை மறுவரையறை செய்வதில் கட்சிகள் உடன்படாததால், 177 இடங்களுக்கும் மாநிலம் முழுவதும் ஒரே தொகுதியாகத் தேர்தல் வைத்தார்கள். ஒவ்வொரு கட்சியும் 118 பேரை நிறுத்த, படுக்கை விரிப்பு என்று கிண்டல் செய்யப்பட்ட நீளமான வாக்குச்சீட்டில் 236 பெயர்கள் இருந்தன. ஜனநாயகக் கட்சியின் 118 பேரும் ஜெயித்தார்கள்; அவர்களில் மிக்வாவும் ஒருவர்.

1966-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போக முயன்றார். தன் கட்சியின் 84 வயது உறுப்பினர் பாரட் ஓ’ஹாராவிடம் உட்கட்சித் தேர்தலில் தோற்றார்; 1968-ல் அவரையே வென்றார். வியட்நாம் போரை எதிர்த்தார், கைத்துப்பாக்கித் தடைக்கு மசோதா கொண்டுவந்தார். 1970-களின் தொடக்கத்தில் தொகுதி எல்லைகள் மாற்றப்பட்டபோது அவருடைய தளம் கரைந்தது. நகரின் வடக்கே புறநகர்த் தொகுதிக்குக் குடிபெயர்ந்து, 1972-ல் தோற்று, 1974-ல் வென்றார். 1976-ல் அவர் வென்ற வித்தியாசம் வெறும் 201 வாக்குகள்.

1979-ல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் அவரை வாஷிங்டன் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நியமித்தார். துப்பாக்கி உரிமைச் சங்கம் பெரும் பணம் செலவழித்து எதிர்த்தும், செனட் 58–31 என்று ஒப்புதல் தந்தது. அதன் பிறகும் ஒரு செனட்டர் நியமனமே செல்லாது என்று வழக்குப் போட்டார். வழக்குத் தொடுக்கும் தகுதி அவருக்கு இல்லை என்று அது தள்ளுபடியானது.

அந்த நீதிமன்றத்துக்கு வரும் வழக்குகளில் கணிசமானவை மத்திய அரசு அமைப்புகளின் உத்தரவுகளைப் பற்றியவை. ஆகவே, நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை எழுதியபோது என்ன நினைத்தது என்ற கேள்வி தினமும் எழும். 1982 முதல் 1986 வரை சக நீதிபதியாக இருந்த ஆன்டனின் ஸ்கலியா, சட்டத்தின் சொற்களைத் தாண்டி எதையும் பார்க்கக் கூடாது என்ற கட்சி. நாடாளுமன்றக் குழு அறிக்கைகளும் அவை விவாதங்களும் சட்டமாகா என்பது அவர் வாதம். மிக்வா நேர் எதிர்ப்பக்கம். ஒரு தெளிவற்ற சொல் பெரும்பாலும் நள்ளிரவுச் சமரசத்தின் விளைவு. அந்தச் சமரசம் பதிவாகியிருப்பது குழு அறிக்கையில்தான் என்பதைத் தன் அனுபவத்திலிருந்து அறிந்தவர் அவர். இதற்காகச் சட்டமன்றத்தினரை அவர் புனிதர்களாக்கிவிடவில்லை. ஒரு மசோதா அரசமைப்புக்கு உட்பட்டதா என்று உறுப்பினர்கள் போதுமான அளவு யோசிப்பதே இல்லை என்று 1983-ல் ஒரு சட்ட இதழில் கட்டுரை எழுதினார். இரு தரப்பிலும் வலு உண்டு என்றாலும், குழு அறையில் உட்கார்ந்து பேரம் பேசிய அனுபவம் இவர்கள் இருவரில் மிக்வாவுக்கே இருந்தது.

அவருடைய பெயர்பெற்ற தீர்ப்புகள் மேலே போய் நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீடற்றோரின் நிலையைக் காட்ட வெள்ளை மாளிகைக்கு எதிரே பூங்காவில் கூடாரம் அடித்துத் தூங்குவதும் கருத்துரிமையே என்ற 1983-ம் ஆண்டுத் தீர்ப்பில் முதன்மை உரையை எழுதியவர் அவர். அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. கடற்படைக் கல்லூரி மாணவர் ஜோசப் ஸ்டெஃபன், தான் ஒருபால் ஈர்ப்புள்ளவர் என்று உண்மையைச் சொன்னதற்காகப் பட்டம் பெறும் தறுவாயில் வெளியேற்றப்பட்டார். அது அரசமைப்புக்கு முரண் என்று மிக்வா 1993-ல் எழுதினார். 1994-ல் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை நிராகரித்தது. ஒருபால் ஈர்ப்பினர் வெளிப்படையாகப் படையில் பணியாற்றும் உரிமையை நாடாளுமன்றம் 2010-ல் சட்டம் இயற்றித்தான் தந்தது.

1991 முதல் தலைமை நீதிபதியாக இருந்தவர், 1994-ல் ஆயுட்காலப் பதவியை விட்டுவிட்டு கிளின்டனின் ஆலோசகரானார், ஓராண்டே இருந்தார். அவரிடம் உதவியாளராக இருந்த எலனா ககன் பின்னர் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். மிக்வா கூப்பிட்டும் உதவியாளராக வர மறுத்தவர் ஒருவர் உண்டு: பராக் ஒபாமா. பின்னர் சிகாகோவில் ஒபாமாவின் அரசியலுக்கு மூத்த வழிகாட்டியாக நின்றவரும் மிக்வாதான்.

2009-ல், 83 வயதில், இல்லினாய்ஸ் பல்கலைக்கழக விசாரணைக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். அரசியல்வாதிகளும் அறங்காவலர்களும் பரிந்துரைத்த விண்ணப்பதாரர்களுக்கு அங்கே தனிப் பட்டியல் வைத்து இடம் கொடுத்திருந்தார்கள். ஐந்தாண்டுகளில் சுமார் 800 பெயர்கள். அறங்காவலர்கள் அனைவரும் விலக வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. பெரும்பாலானோர் விலகினர், பல்கலைக்கழகத் தலைவரும் பதவி விலகினார்.

2014-ல் ஒபாமா அவருக்கு நாட்டின் உயரிய குடிமக்கள் விருதான சுதந்திரப் பதக்கத்தை வழங்கினார். 2016 ஜூலை 4 அன்று சிகாகோவில் மிக்வா காலமானார். அவருடைய மூன்று மகள்களில் ஒருவர் நீதிபதி, ஒருவர் யூத சமயகுரு. மனைவி ஸோவும் அவரும் 1997-ல் ஏற்படுத்திய ‘மிக்வா சேலஞ்ச்’ அமைப்பு, உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் தேர்தல் பிரசாரங்களுக்கும் வாக்குச்சாவடிப் பணிக்கும் அழைத்துச் செல்கிறது. சிகாகோவில் தொடங்கிய அந்தப் பணி பிறகு வாஷிங்டனுக்கும் போனது.