குளிர்ப் பெட்டிக்கும் குளிர் ஆகாது!

குளிர்விக்கவென்றே செய்யப்பட்ட பெட்டி குளிரால் கெட்டுப்போகும் என்றால் நம்புவீர்களா? சுவீடனில் படகு வைத்திருப்பவர்கள் நம்புவார்கள்.

ஸ்டாக்ஹோம் நகரை ஒட்டிய பால்டிக் கடலில் ஆயிரக்கணக்கான சிறு தீவுகள் உண்டு. கோடையில் பாய்மரப் படகேறி அங்கே சென்று தங்குவது பலருக்கு வழக்கம். பாலும் மீனும் கெடாமலிருக்கப் படகில் ஒரு சிறு குளிர்சாதனப் பெட்டி, 12 வோல்ட் பாட்டரியில் ஓடும். குளிர்காலத்தில் கடல் உறையக்கூடும் என்பதால், அதற்கு முன்பே படகைக் கரையேற்றித் தாங்கிகளின் மேல் நிறுத்திவிடுவார்கள். பிறகு வசந்தம் வரை பெட்டிக்கு ஓய்வு.

பெட்டியின் குழாய்களில் சுற்றிவரும் குளிர்விக்கும் பொருள் உறைந்துவிடுமோ என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கவலை வேண்டாம். பல படகுப் பெட்டிகளில் உள்ள ஆர்-134ஏ, சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் -26 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். உறைவதோ -100 டிகிரிக்கும் கீழே. பகை வேறிடத்தில் இருக்கிறது.

பெட்டிக்குள்ளிருந்து எடுத்த வெப்பத்தை எங்கேனும் கொட்டியாக வேண்டுமல்லவா? வீட்டுப் பெட்டி அதைக் காற்றில் விடுகிறது. படகிலோ இடம் குறைவு. வெளியே வேண்டிய மட்டும் குளிர்ந்த நீர். எனவே சில படகுகளில் ஒரு பம்பு கடல்நீரை இறைத்து, வெப்பத்தை அதனிடம் கொடுத்து, மீண்டும் கடலுக்கே அனுப்புகிறது. இந்தக் குழாயில் தங்கிவிடும் நீர்தான் பகை.

உப்புநீர் எளிதில் உறையாதே என்பீர்கள். பெருங்கடல் நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அது உறைவது -1.9 டிகிரியில். ஸ்டாக்ஹோம் பக்கத்துப் பால்டிக் நீரில் ஏறக்குறைய 6 கிராம்தான். சுழிக்குச் சற்றுக் கீழே இறங்கினாலே போதும், உறைந்துவிடும்.

உறையும் நீர் தன் பருமனில் ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. இருபுறமும் அடைபட்ட குழாயில் விரிய இடமேது? அத்தகைய சிறையில் -10 டிகிரியில் பனிக்கட்டி 1,000 வளிமண்டலங்களுக்கு மேல் அழுத்தம் தரவல்லது. பித்தளை வால்வும் விரிசல் விடும். மூடிய உருண்டை வால்வின் நடுத்துளையில் சிக்கிய சிறிதளவு நீரே அதற்குப் போதும்.

விரிசல் அப்போது கண்ணில் படாது. படகுதான் தரையில் நிற்கிறதே! வசந்தத்தில் கடலில் இறக்கிய பின்னரே சங்கதி வெளிப்படும். நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே 1 சதுர சென்டிமீட்டர் திறப்பு என்று கொள்வோம். டாரிசெல்லியின் விதிப்படி நீர் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பாயும். துளையில் நீர்த்தாரை சுருங்குவதைக் கழித்தாலும் மணிக்கு 600 லிட்டருக்குக் குறையாது. ஆளில்லாத படகாயின் ஓர் இரவில் பல டன்! வீட்டில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஆகவே கரையேற்றியதும் குழாய் நீரை முழுதும் வடித்து, உறைதடுப்புத் திரவத்தை ஓடவிடுவார்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு. புரொப்பிலீன் கிளைக்கால்தான் மேல். வால்வுகளைப் பாதி திறந்து வைத்தால் நடுத்துளையும் வடியும்.

பெட்டியை நிறுத்த மறப்பது இன்னொரு ஆபத்து. அது பாட்டரியை வற்றச் செய்துவிடும். மின்னேற்றம் நிறைந்த ஈய-அமில பாட்டரியின் அமிலம் -50 டிகிரியிலும் உறையாது. வற்றியதில் அமிலம் நீர்த்துப்போய் -10 டிகிரியளவிலேயே உறைந்து கூட்டை உடைக்கும்.

கடைசியாகக் கதவு. விடுமுறைக்குப் போகும்போது பெட்டியை நிறுத்திக் கதவையும் சாத்திவிட்டுப் போனவர்களுக்கு, திரும்பி வந்து திறந்ததும் வீசும் நாற்றம் தெரியும்! எஞ்சிய ஈரம் காற்றோட்டமின்றித் தங்கினால் பூஞ்சக்காளான் பிடிக்கும். சமையல் சோடா கரைத்த நீரால் உட்புறத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கதவிடுக்கில் ஒரு துணிச்சுருளைச் செருகிவிட்டால் காற்று உள்ளே போய்வரும்.