கல்முனை ஆங்கிலப் பாடசாலையின் பழைய மாணவர்கள்

இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, ஒரு புறம் கடலும் மறுபுறம் நெல்வயல்களும் அமைந்த ஒடுங்கிய நிலப்பரப்பில் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தமிழ் பேசும் முஸ்லிம்களும் தமிழரும் மாறி மாறி வாழும் ஊர்கள் நெருங்கிக் கிடக்கின்றன. இன்று அம்பாறை மாவட்டத்துக்குரிய இப்பகுதி 1961 வரையில் மட்டக்களப்பு மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. இங்கே 1883-இல் மெதடிஸ்த மிஷனரிமார் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலையே இன்று கல்முனை உவெஸ்லி உயர்தரப் பாடசாலை என்ற பெயரில் இயங்குகிறது. அதன் பழைய மாணவர்களுள் இருவர், ஏறத்தாழ அறுபது ஆண்டு இடைவெளியில் அதன் வகுப்புகளில் அமர்ந்து, பின்னர் இலங்கையின் கல்வி வரலாற்றிலும் அரசியல் வரலாற்றிலும் தவிர்க்க முடியாத இடத்தைப் பெற்றனர். ஒருவர் காரைதீவுத் தமிழர், மற்றவர் கல்முனை முஸ்லிம்.

மெதடிஸ்தர் என்போர் பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஜோன் உவெஸ்லி என்னும் சமயப் பிரசாரகரின் வழிவந்த கிறிஸ்தவப் பிரிவினர் ஆவர். அவர்களுடைய முதல் குழு 1814-இல் இலங்கையில் இறங்கியபோது, வில்லியம் ஓல்ற் என்பவர் மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டிலேயே அவர் இறந்துவிட்டாலும், அவர் தொடங்கிய பாடசாலை மட்டக்களப்பு மெத்தடிஸ்த மத்திய கல்லூரியாக நிலைத்தது. கல்முனைக்கு ஆங்கிலக் கல்வி வந்து சேர மேலும் எழுபது ஆண்டுகள் சென்றன. இதற்கிடையில், 1869-இல் பொதுப் போதனைத் திணைக்களம் ஏற்பட்டு, தனியார் பாடசாலைகளுக்கு அரசு உதவி நன்கொடை வழங்கும் முறை நடைமுறைக்கு வந்திருந்தது. அந்தப் பணத்தை முறையாகப் பெற்றுப் பாடசாலை நடத்தும் அமைப்பு அக்காலத்தில் பெரும்பாலும் மிஷன்களிடமே இருந்தமையால், கிழக்கின் ஆங்கிலக் கல்வியும் இயல்பாகவே அவர்கள் கைக்குப் போயிற்று.

அன்றைய ஆங்கிலப் பாடசாலையின் பயனைக் குறித்துப் பெற்றோருக்கு எவ்வித மயக்கமும் இருக்கவில்லை. தமிழ்ப் பாடசாலையில் கட்டணமின்றிப் படித்தவர் உள்ளூர் ஆசிரியராகலாம். கட்டணம் செலுத்தி ஆங்கிலத்தில் படித்தவரோ கச்சேரி எனப்பட்ட மாவட்ட நிர்வாக அலுவலகத்தில் எழுதுவினைஞராகவோ, நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகவோ, மருத்துவமனையில் அப்போதிக்கரி எனப்பட்ட உதவி மருத்துவராகவோ, நீர்ப்பாசன வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராகவோ மாதச் சம்பளம் பெறலாம். மழையையும் விளைச்சலையும் நம்பி வாழ்ந்த கரையோரக் குடும்பங்களில் ஒரு மகன் மாதச் சம்பளக்காரனாவது பெரும் மாற்றமாகும். அரசுக்கு எழுதுவினைஞர் தேவை, மிஷனுக்குச் சமயம் பரப்பும் வாய்ப்புத் தேவை, பெற்றோருக்குப் பிள்ளையின் உத்தியோகம் தேவை என மூன்று வேறு நோக்கங்கள் ஒரே கூரையின் கீழ் இயங்கின.

முஸ்லிம் பெற்றோர் பலர் இந்தக் கூரையை நெடுங்காலம் தள்ளியே வைத்திருந்தனர். பிள்ளைக்கு முதலில் குர்ஆன் ஓதத் தெரிய வேண்டும் என்பதும், மிஷன் பாடசாலைக்குப் போனால் மார்க்கம் மாறிவிடுவான் என்ற அச்சமும் அதற்குக் காரணங்களாயின. போடியார் எனப்பட்ட பெருநிலக்காரக் குடும்பங்களுக்கோ வயல் இருக்கையில் உத்தியோகம் எதற்கு என்ற எண்ணமும் இருந்தது. இந்த அச்சம் கிழக்குக்கு மட்டும் உரியதன்று. கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி எம். சி. சித்திலெப்பை 1882-இல் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ இதழில் நவீன கல்விக்காக ஓயாது வாதாட வேண்டியிருந்தது அதனாலேயே. கல்முனையில் மிஷன் பாடசாலை தோன்றிய அதே 1883-இல்தான், பிரித்தானியரை எதிர்த்துத் தோற்ற எகிப்தியத் தலைவர் ஒறாபி பாஷா கொழும்பில் நாடுகடத்தப்பட்டவராக வந்திறங்கினார். அவருடைய ஊக்கமும் சித்திலெப்பையின் உழைப்பும் சேர்ந்ததன் விளைவாக 1892-இல் மருதானையில் தோன்றிய பாடசாலையே பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. ஆயினும் கல்முனைப் பிள்ளைக்குக் கொழும்பு எட்டாத தூரம். ஆங்கிலம் வேண்டுமெனில் அருகிலிருந்த மிஷன் பாடசாலையே வழி.

அந்த வழியில் நடந்தவர்களுள் முதலில் குறிப்பிட வேண்டியவர், 1892-இல் காரைதீவில் சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் பிறந்த மயில்வாகனன். ஊரில் தமிழ் கற்றபின் கல்முனை மெதடிஸ்த ஆங்கிலப் பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்று, பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் தேர்வில் தேறினார். கேம்பிரிட்ஜ் சீனியர் என்பது இங்கிலாந்தில் வினாத்தாள் தயாரித்துக் குடியேற்ற நாடுகளில் நடத்தப்பட்ட இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வாகும். அதில் தேறியவருக்கு உத்தியோகக் கதவு அநேகமாகத் திறந்தே இருந்தது. மயில்வாகனனும் ஆசிரியரானார், ஆசிரியப் பயிற்சி பெற்றார், கொழும்பில் இரசாயனவியல் கற்றார். 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறிய முதல் இலங்கையர் எனப் பெயர் பெற்றார். 1920-இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார். விஞ்ஞானமும் பழந்தமிழும் ஒருவரிடத்தில் இவ்வளவு ஆழமாகச் சேர்ந்தது அக்காலத்தில் மிக அரிது. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியைத் துறந்து 1922-இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்த அவர், 1924-இல் துறவு பூண்டு சுவாமி விபுலாநந்தர் ஆனார்.

அவர் துறந்தது உத்தியோகத்தையே, பாடசாலையை அன்று. நாடு திரும்பியபின் இராமகிருஷ்ண மிஷனின் பாடசாலைகளைப் பொறுப்பேற்று நடத்திய விபுலாநந்தர், 1929-இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். தாம் ஆங்கிலம் கற்ற கிறிஸ்தவ மிஷன்களின் அமைப்பு முறையையே, அதாவது மாணவர் விடுதியும் உதவி நன்கொடையும் ஒழுங்கான முகாமையும் கொண்ட முறையையே, அவர் தம் சமூகத்தின் பிள்ளைகளுக்காகக் கையாண்டார் என்று சொல்வது மிகையாகாது. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிக்க வேண்டும் என்பதற்காகக் கலைச்சொல்லாக்கத்தில் முன்னின்றார். அவருடைய தமிழிசை ஆராய்ச்சி நூலான ‘யாழ்நூல்’ 1947 ஜூன் மாதம் தமிழ்நாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது; அடுத்த மாதமே அவர் மறைந்தார். பழந்தமிழ் நூல்களில் மட்டும் சொல்லளவில் எஞ்சியிருந்த யாழ்க் கருவியின் அமைப்பையும் சுரங்களையும் கணக்கிட்டு மீட்க முயன்ற அந்நூலில், ஆங்கிலப் பாடசாலை தந்த கணிதமும் பௌதிகமும் வரிக்கு வரி தெரிகின்றன. எழுதுவினைஞரை ஆக்குவதற்காக வகுத்த பாடத்திட்டம் இப்படிப் பயன்படும் என்று அதை வகுத்தவர்கள் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகங்களின் கல்வி வரலாறுகளும் கல்முனையில் சிறிது காலம் ஒன்றையொன்று தொட்டன. இலங்கைச் சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிமான ஏ. எம். ஏ. அஸீஸ், 1942-இல் உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் கல்முனையில் திறக்கப்பட்ட அவசரகாலக் கச்சேரிக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையைச் சேர்ந்த அவரே இராமகிருஷ்ண மிஷன் நடத்திய வைத்தீஸ்வர வித்தியாலயத்தின் பழைய மாணவர். விபுலாநந்தரோடு நட்புப் பூண்டவர். படித்த முஸ்லிம்களின் தொகை எவ்வளவு குறைவு என்பதை இக்கரையில் நேரிற் கண்ட அவர், கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அவ்வனுபவமே 1945-இல் வசதியற்ற மாணவருக்கு உதவும் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக விரிந்தது. 1949-இல் கேட் முதலியார் எம். எஸ். காரியப்பரின் முயற்சியால் கல்முனைக்கும் ஒரு ஸாஹிராக் கல்லூரி கிடைத்தது. முஸ்லிம் பெண்களுக்குத் தனிக் கல்லூரி கிடைக்க மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றது என்பதையும் சேர்த்தே இவ்வரலாற்றை எழுத வேண்டும்.

எம். எச். எம். அஷ்ரஃப் உவெஸ்லியில் பயின்ற காலத்தில் நிலைமை வேறாகிவிட்டது. 1945-இல் இலவசக் கல்வி வந்திருந்தது. கற்பித்தல் படிப்படியாகத் தாய்மொழிக்கு மாறியது. 1960 டிசம்பரில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளின் நிர்வாகத்தை அரசு கையேற்றது. 1948-இல் சம்மாந்துறையில் பிறந்து கல்முனைக்குடியில் வளர்ந்த அஷ்ரஃப், சட்டக் கல்லூரியில் கற்றுச் சட்டத்தரணியாகி, 1981-இல் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸைத் தொடங்கினார். 1978 அரசியலமைப்பின்படி ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்குக்குக் குறைவாக வாக்குப் பெறும் கட்சிக்கு அப்போது ஆசனம் கிடையாது என்றிருந்தது. சிறு கட்சிகளை வெளியே நிறுத்திய இந்த வெட்டுப்புள்ளியை நூற்றுக்கு 5 ஆகக் குறைக்குமாறு அவர் அன்றைய பிரதமர் ஆர். பிரேமதாசவிடம் வலியுறுத்தினார், 1988 டிசம்பரில் நிறைவேறிய பதினைந்தாவது திருத்தம் அதைச் சாதித்தது. அஷ்ரஃபின் மேடைப் பேச்சுகளை விட இந்தச் சட்ட நுட்பமே நீடித்த பயனைத் தந்தது எனலாம். ஏனெனில் இன்றும் பாராளுமன்றத்தில் சிறு கட்சிகள் ஆசனம் பெறுவதற்கு அது துணைநிற்கிறது.

1994-இல் துறைமுகங்கள், கப்பற்றுறை, புனர்வாழ்வு அமைச்சரான அஷ்ரஃப், உள்நாட்டுப் போரினால் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கல்வியைத் தொடர முடியாது தவித்த முஸ்லிம் மாணவரை முன்னிட்டுத் தென்கிழக்கில் ஓர் உயர்கல்வி நிலையத்தைக் கோரிப் பெற்றார். 1995 ஒக்டோபர் 23 அன்று, அதாவது அவருடைய பிறந்த நாளில், பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய அது அடுத்த ஆண்டே தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்து ஒலுவிலில் நிலைகொண்டது. கவிஞராகவும் விளங்கிய அவருடைய ‘நான் எனும் நீ’ கவிதைத் தொகுதி 1999-இல் வெளிவந்தது. 2000 செப்டெம்பர் 16 அன்று அம்பாறை நோக்கிச் சென்ற ஹெலிகொப்டர் அரநாயக்க மலைப்பகுதியில் வீழ்ந்ததில் 51 வயதில் உயிரிழந்தார்.

அரசியலில் அவரை ஏற்காதவர்களும் அப்பல்கலைக்கழகத்தை மறுப்பதில்லை. இவ்விரு பழைய மாணவருள் ஒருவர் துறவி, மற்றவர் அரசியல்வாதி. ஆயினும் இருவரும் தத்தம் சமூகத்துக்குக் கல்வி நிலையம் அமைத்தனர், இருவரும் தமிழில் எழுதினர். இவர்கள் ஒரே பாடசாலையின் பழைய மாணவர் என்பது மட்டும் அரிதாகவே பேசப்படுகிறது. விபுலாநந்தரின் நினைவு தமிழூர்களிலும் அஷ்ரஃபின் நினைவு முஸ்லிம் ஊர்களிலுமாகப் பிரிந்து கிடப்பதும், போர்க்கால வன்செயல்களுக்குப்பின் இரு சமூகப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்வது அருகிப்போனதும் இதற்குக் காரணங்கள்.

பெயர்பெற்ற இருவரைக் கொண்டு ஒரு பாடசாலையை அளப்பதில் ஒரு குறையும் உண்டு. எழுதுவினைஞர், ஓவசியர், அப்போதிக்கரி, ஆசிரியர் எனத் தலைமுறை தலைமுறையாகக் கரையோர ஊர்களின் வாழ்வை மாற்றியவர்கள் வரலாற்று நூல்களில் இடம்பெறவில்லை. அவர்களைப் பற்றிய சான்றுகள் சேர்க்கைப் பதிவேடுகளிலும், பரிசளிப்பு விழா மலர்களிலும், வகுப்புப் படங்களிலும், வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் சான்றிதழ்களிலுமே உள்ளன. அவற்றுள் பல 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீடுகளோடு போயின. இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. எஞ்சியவற்றை வைத்திருக்கும் குடும்பங்கள், தமிழரா முஸ்லிம்களா என்ற வேறுபாடின்றி, அவற்றைப் பாடசாலையிடமோ, ஈழத்து ஆவணங்களை எண்ணிமப்படுத்தி இணையத்தில் பாதுகாத்துவரும் நூலகம் நிறுவனத்திடமோ படியெடுக்கக் கொடுக்க வேண்டும். மூத்த பழைய மாணவர்களின் நினைவுகளையும், அவர்கள் இருக்கும்போதே, ஒலிப்பதிவு செய்துவிட வேண்டும்.