பதிவுப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னர்

மூத்த அண்ணாவிமாரையும் கூத்துக் கலைஞர்களையும் தேடிச் சென்று அவர்களது பாடல்களையும் நினைவுகளையும் ஒலிப்பதிவு செய்யும் முயற்சிகளில் எமது இளைஞர்கள் ஈடுபட்டு வருகின்றமை வரவேற்கத்தக்கதாகும். உள்ளங்கைக்குள் அடங்கும் டிஜிட்டல் ஒலிப்பதிவுக் கருவிகள் இப்பணியை இலகுவாக்கியுள்ளன. ஆயினும், அண்மையில் எமக்குக் கேட்கக் கிடைத்த கூத்துப் பதிவொன்றில் மத்தளம் ஒலிக்கும் ஒவ்வொரு தடவையும் அண்ணாவியாரின் குரல் கரகரத்துச் சிதைந்து போயிருந்தது. அவர் இன்று உயிருடன் இல்லை.

அக்கருவியில் பழுது எதுவும் இருக்கவில்லை. ஒலிபெருக்கிக்காரரின் மிக்ஸரிலிருந்து வந்த வயரை, கருவியின் மைக் துளையில் செருகியிருந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்சைகை ஒரு சில மில்லிவோல்ற் அளவினதே. ஆகவே மைக் உள்ளீடு அதனைப் பன்மடங்கு பெருக்கியே பதிவுக்கு அனுப்புகின்றது. மிக்ஸரிலிருந்தோ பழைய கசற் கருவியிலிருந்தோ வெளிவரும் சைகையோ அதனைவிட நூறு மடங்கு அளவில் வலிமையானது. அதற்குரியது லைன் உள்ளீடு. இரண்டுக்கும் ஒரே துளையைக் கொண்டுள்ள கருவிகளில், மைக்கா லைனா என்பதைத் திரையிலுள்ள பட்டியலில் தெரிவு செய்ய வேண்டும். இதில் தவறிவிட்டுப் பதிவு மட்டத்தை மாத்திரம் குறைப்பதால் பயனில்லை. மட்டத்தைக் காட்டும் கோடு அடங்கி நிற்கும்; ஆனால் பல சிறிய கருவிகளில் ஒலி அதற்கு முன்னரே, முதற் பெருக்கியில் வெட்டுண்டு போயிருக்கும். மறுதலையாக, ஒலிவாங்கியை லைன் உள்ளீட்டில் செருகினால் குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போலக் கேட்கும். பின்னர் கணினியில் அதனை உயர்த்தும்போது இரைச்சலும் கூடவே உயரும்.

அடுத்தது, 'ஓட்டோ' என்று குறிக்கப்பட்டிருக்கும் தன்னியக்க மட்டக் கட்டுப்பாடு. கூட்டமொன்றில் குறிப்பெடுப்பதற்கு இது போதுமானது. ஆனால் தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்தொலிக்கும் கச்சேரியில், தவிலின் ஓர் அடி விழுந்ததும் கருவி பயந்தது போல மட்டத்தைத் தாழ்த்திவிடுகின்றது. நாதஸ்வரம் அமிழ்ந்து, சற்று நேரம் கழித்தே மேலெழுகின்றது. முதியவர் ஒருவர் யோசித்து மௌனமாகும் கணத்தில் மின்விசிறியின் இரைச்சல் பொங்கி எழுவதும் இதனாலேயே. எனவே பாடலோ நேர்காணலோ, மட்டத்தைக் கையால் அமைப்பதே உகந்தது. நிகழ்ச்சியின் ஆகக்கூடிய ஓசையை முன்கூட்டியே எழுப்பச் செய்து, அது பூச்சிய டெசிபெல் எல்லைக்குப் பன்னிரண்டு டெசிபெல் கீழே நிற்கும்படி அமைத்தல் வேண்டும். பூச்சியத்தைத் தாண்டிய ஒலிக்கு டிஜிட்டலில் இடமே இல்லை. பழைய ஒலிநாடா இவ்விடயத்தில் சற்றுத் தாராளமானது, இது அப்படியன்று.

தரத்தைப் பொறுத்தவரை எம்மவர் பலரைப் பீடித்திருப்பது சிக்கன மனப்பான்மையே. நினைவக அட்டை 64 மெகாபைற்றும் 128 மெகாபைற்றுமாக இருந்த நாட்களில் 'நீண்டநேரப் பதிவு' என்ற தெரிவுக்கு நியாயம் இருந்தது. இன்று அது இல்லை. செக்கனுக்கு 128 கிலோபிற் வேகத்திலான எம்.பி.3 பதிவு, ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 58 மெகாபைற் இடத்தையே எடுக்கும். இறுவட்டின் தரத்திலான, அதாவது 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிற் அளவிலான சுருக்கப்படாத வேவ் கோப்புக்கு 635 மெகாபைற் தேவை. வேறுபாடு பெரிதாகத் தோன்றலாம். ஆனால் எம்.பி.3 இடத்தை மிச்சப்படுத்துவது, காதுக்குப் புலப்படாது என்று தான் கணிக்கும் ஒலிகளை வீசிவிடுவதன் மூலமே. சல்லரியின் நுண்ணிய ஓசை முதலில் பாதிக்கப்படுவனவற்றுள் ஒன்று. வீசியதைப் பின்னர் வேவ் கோப்பாக மாற்றி மீட்க முடியாது. வேவிலிருந்து எம்.பி.3 பிரதியை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேச சங்கம் பாதுகாப்புக்கான டிஜிட்டல் பதிவுக்கு விதந்துரைக்கும் ஆகக்குறைந்த அளவு 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற் ஆகும். இந்த அளவில் இரு தட ஸ்ரீரியோப் பதிவொன்று மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய ஒரு கிகாபைற் ஆகும். 32 கிகாபைற் அட்டையில் முப்பது மணித்தியாலங்கள் அடங்கும். ஒருவர் மட்டும் ஓர் ஒலிவாங்கியில் பேசுவதாயின் ஒற்றைத் தடமே போதும், இடம் பாதியாகும். இங்கு 24 பிற்றின் பயன் முக்கியமானது. ஒவ்வொரு பிற்றும் ஏறத்தாழ ஆறு டெசிபெல் இடைவெளியைத் தருவதால், மட்டத்தைத் தயங்காமல் தாழ்த்தி வைக்கலாம். மெல்லிய குரல் இரைச்சலில் மூழ்காது. 96 கிலோஹேர்ட்ஸைத் தேடி ஓடுவது எமது தேவைக்கு அவசியமன்று. மனிதச் செவியின் எல்லை 20 கிலோஹேர்ட்ஸ். அதனை 48 நிறைவாகவே உள்ளடக்குகின்றது.

அண்மைக் காலத்தில் 32 பிற் மிதவைப் புள்ளி முறையிலான கருவிகள் சிறிய அளவிலும் வந்துள்ளன. மட்டம் அமைக்கும் கவலையை இவை பெருமளவு நீக்குகின்றன என்பது உண்மையே. ஆயினும் தவறான துளையில் செருகிய வயரையோ, குரலிலிருந்து ஆறடி தள்ளி வைத்த ஒலிவாங்கியையோ இவற்றாலும் திருத்த இயலாது.

ஆகவே அண்ணாவியார் பாய் விரித்து அமர்ந்ததும், மத்தளக்காரரைப் பலமாக ஒருமுறை அடிக்கச் சொல்லி ஒரு நிமிடம் பதிந்து, ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். வெளி ஒலிவாங்கி சரியாகச் செருகப்படாமல் கருவியின் உள் ஒலிவாங்கியே வேலை செய்துகொண்டிருப்பதும் அப்போதுதான் தெரியவரும். அந்த ஒரு நிமிடத்திலேயே திகதியையும் ஊரையும் பாடுபவரின் பெயரையும் சொல்லிப் பதிந்துவிடலாம்.