உலர்தேயிலையின் மணமும் மணச்சொற்களும்: சித்தூர், திருப்பதி வட்டாரத்தை முன்வைத்து

1. முன்னுரை

தேயிலையின் தரத்தைத் தேர்ந்து கூறுவோர் அதனை மூன்று நிலைகளில் சோதிப்பர். முதலாவது நீர்படாத உலர்ந்த இலை. இரண்டாவது கொதிநீரில் ஊறிய இலை. மூன்றாவது வடித்தெடுத்த நீர். வடிநீரின் நிறம், சுவை, திண்மை ஆகியவற்றைக் கூறும் சொற்கள் அன்றாடப் பேச்சில் பழகியவை. உலர்ந்த இலையின் மணத்தைக் கூறும் சொற்களோ தமிழ் எழுத்தில் அருகியே காணப்படுகின்றன. ஆங்கிலத்திலுள்ள தேயிலைக் குறிப்புகளைத் தமிழிலோ தெலுங்கிலோ பெயர்ப்போர் ‘நறுமணம்’, ‘பரிமளம்’ போன்ற ஒற்றைச் சொல்லோடு அமைந்துவிடுவதுண்டு.

இது சொல்வளத்தின் குறையா அல்லது சொல்லைத் தேரும் முறையின் குறையா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. இதனை ஆராய்வதற்குச் சித்தூர், திருப்பதி வட்டாரம் ஏற்ற களமாகும். 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாக அருகருகே வழங்கி வருகின்றன. 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணிப் பகுதி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் மாறினும் இருமொழி வழக்கு நீங்கவில்லை. திருமலைக் கோயிற் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்திருப்பதும் இங்குக் கருதத்தக்கது.

இவ்வட்டாரம் தேயிலை விளையும் நிலமன்று என்பதும் முக்கியமானது. நீலகிரி, அசாம் முதலிய இடங்களிலிருந்து வரும் தேயிலையை இங்குள்ளோர் உறையில் அடைத்த பொருளாகவே அறிவர். தோட்டத்தையும் ஆலையையும் காணாத இவர்களுக்குத் தேயிலையைப் பற்றிய அறிவின் பெரும்பகுதி சொல்லின் வழியாகவே வந்து சேர்கிறது. எனவே சொல் பிழைத்தால் அறிவும் பிழைக்கும்.

2. மணம் தோன்றும் முறை

பறித்த கொழுந்தை வாட்டி, உருட்டி அல்லது நசுக்கி, காற்றுப்படவிட்டு, இறுதியில் சூடேற்றி உலர்த்துவர். உலர்த்தி முடித்த இலையில் எஞ்சும் ஈரம் ஏறத்தாழ 3 விழுக்காடே. வாட்டும்போதும் நசுக்கும்போதும் இலையின் உயிரணுக்கள் சிதைந்து மணப்பொருள்கள் விடுபடுகின்றன. பூமணத்திற்குக் காரணமாகிய லினலூல், ஜெரானியால் என்பனவும், அறுத்த புல்லை நினைவூட்டும் ஹெக்சனால் வகைகளும் இவற்றுள் அடங்கும். லினலூல் கொத்துமல்லி விதையிலும், ஜெரானியால் ரோசாவிலும் உள்ளன. உலர்த்தும் சூட்டில் சர்க்கரைப் பொருள்களும் அமினோ அமிலங்களும் வினைபுரிவதால் வறுத்த தானியம் போன்ற மணமும் சேர்கிறது.

உலர்ந்த இலையில் இம்மணப்பொருள்கள் ஒடுங்கி நிற்கின்றன. வெம்மையும் ஈரமும் அவற்றை வெளிக்கொணரும். ஆதலால் தேர்வாளர் ஒரு பிடி இலையை இரு உள்ளங்கைகளுக்கிடையே ஏந்தி, அதன்மீது மெல்ல மூச்சை விட்டு, உடனே உள்ளிழுத்து மணத்தை அறிவர். வெந்நீரால் சூடாக்கி நீரை வடித்துவிட்ட கலத்தில் இலையையிட்டுச் சிறிது நேரம் மூடிவைத்து முகர்வதும் உண்டு. வடிநீரைச் சோதிக்க, 100 மில்லி நீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிட ஊறல் என்னும் அளவை அனைத்துலகத் தர அமைப்பு 1980இல் வெளியிட்டது. உலர்ந்த இலையைச் சோதிக்கவோ பழகிய மூக்கும் அது கண்டதைச் சொல்லும் சொல்லுமே கருவிகளாகும்.

துகளின் அளவும் கருதத்தக்கது. 1930களில் அசாமில் தோன்றிய சி.டி.சி. முறை, இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிச் சிறு மணிகளாக்குகிறது. தென்னிந்தியாவில் பாலுடன் காய்ச்சுவதற்கு மிகுதியும் விரும்பப்படுவது இவ்வகைத் தூளே. துகள் சிறிதாயின் காற்றுப்படும் பரப்பு மிகும். உறையைப் பிரித்தவுடன் மணம் விரைந்தெழும், விரைந்தே குறையும். முழு இலையில் அது மெதுவாக வெளிப்பட்டு நீடிக்கும்.

3. பெயர்களிலேயே தோன்றும் இடர்

தமிழின் ‘தேயிலை’யும் தெலுங்கின் ‘தேயாக்கு’ம் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. தென்சீன மீன் மொழியின் ‘தே’ என்னும் வடிவம் ஐரோப்பிய வணிகத்தின் வழியாக வந்து, ஒன்றில் ‘இலை’யோடும் மற்றொன்றில் ‘ஆக்கு’ என்னும் இலைப் பெயரோடும் இணைந்தது. எனினும் கடையில் வழங்குவன இவையல்ல. தமிழில் ‘டீத்தூள்’, தெலுங்கில் ‘டீ பொடி’. எழுத்து மொழி இலையைச் சுட்ட, பேச்சு மொழி தூளைச் சுட்டுகிறது. வாங்கப்படும் பொருள் தூளே ஆதலின் பேச்சு வழக்கே பொருளுக்கு நெருங்கியது.

‘லூஸ்’ என்னும் கடன்சொல் மேலும் கவனத்திற்குரியது. ஆங்கிலத் தேயிலை வழக்கில் அது சிறு பைகளில் அடைக்கப்படாத இலையைக் குறிக்கும். தரத்தில் உயர்ந்தது என்னும் குறிப்பும் அதனுடன் வரும். நம் கடைத்தெருவில் ‘லூஸ் டீத்தூள்’ என்பது மூட்டையிலிருந்து நிறுத்துக் கொடுக்கும், வணிகப் பெயரற்ற, விலை குறைந்த சரக்கு. ஆகவே ஆங்கிலத் தொடரை அப்படியே ‘லூஸ் தேயிலை’ என்று பெயர்த்தால் உயர்ந்தது தாழ்ந்ததாகிவிடும். ‘முழு இலைத் தேயிலை’ என்பது பொருந்தும். இவ்வாறே ‘டஸ்ட்’ என்னும் தரப்பெயரைத் ‘தூசு’ என்று பெயர்த்தால் அது குப்பையைக் குறிக்கும். ‘தூள்’ என்பதே வழக்கு.

‘உலர்ந்த’ என்பதிலும் தேர்வு உண்டு. ‘காய்ந்த இலை’ மரத்தடியில் உதிர்ந்த சருகை நினைவூட்டும். ‘உலர்த்திய இலை’ என்னும் பிறவினை வடிவம் மனிதச் செயலைக் காட்டும். தெலுங்கிலும் ‘எண்டின’ என்பது தானே காய்ந்ததையும், ‘எண்டபெட்டின’ என்பது காயவைத்ததையும் சுட்டும். தன்வினை, பிறவினை என்னும் இவ்வேறுபாட்டின் பயன் பின்னரும் விளங்கும்.

4. தமிழ் மணச்சொற்களின் அமைப்பு

மணத்தைப் பெயரிட்டழைக்க மொழிகளுக்கு இயலாது என்னும் கருத்து நெடுநாள் நிலவியது. மலாய்த் தீபகற்பத்தின் ஜகாய் மொழியினர் நிறத்தைப் போலவே மணத்தையும் எளிதில் பெயரிடுகின்றனர் என்று ஆசிபா மஜீத், நிக்லாஸ் புரன்ஹுல்ட் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தைத் தளர்த்தியது. ஆங்கிலம் பெரும்பாலும் மணம் பிறக்கும் பொருளின் பெயரால் மணத்தைச் சொல்கிறது. ஜகாய் மொழியில் மணத்திற்கென்றே தனிச்சொற்கள் உள்ளன.

தமிழ் இவ்விரண்டையும் இணைக்கிறது. புகைநெடி, மண்வாசனை, பச்சைவாடை, மீன்கவிச்சி என்னும் தொடர்களில் முன்மொழி பிறப்பிடத்தை அல்லது தன்மையைச் சொல்ல, பின்மொழி மணத்தின் வகையைச் சொல்கிறது. ‘மணம்’ விரும்பத்தக்கது, ‘நெடி’ மூக்கையும் கண்ணையும் உறுத்துவது, ‘வாடை’ இருக்கத்தகாத இடத்தில் இருப்பது, ‘கவிச்சி’ மீன், ஊன் சார்ந்தது, ‘வீச்சம்’ அழுகலைச் சார்ந்தது. அதாவது பின்மொழி, ‘எதன் மணம்’ என்னும் வினாவிற்கு விடையன்று. ‘எவ்வாறு தாக்குகிறது, ஏற்கத்தக்கதா’ என்னும் வினாக்களுக்கு விடையாகும்.

வினைச்சொல்லும் இவ்வகைமையைப் பின்பற்றும். மணம் கமழும் அல்லது வீசும், நெடி ஏறும், வாடை அடிக்கும். ‘வாடை கமழ்கிறது’ என எவரும் இயல்பாகக் கூறார். கூறின் அது எள்ளலாகும்.

5. இருமொழி வழக்கில் நேரும் பிறழ்ச்சி

தெலுங்கிலும் இத்தகைய இயைபு உண்டு. தீய மணத்தைக் ‘கம்பு கொட்டு’ என்பர். ‘கொட்டு’ என்பது அடித்தலைக் குறிக்கும். தமிழின் ‘வாடை அடி’ என்பதும் இதுவும் ஒரே உருவகத்தில் பிறந்தவை. முகர்தலை ‘வாசன சூடு’, அதாவது வாசனையைப் பார், என்பர். தமிழின் ‘முகர்ந்து பார்’ என்பதிலும் பார்வை வினை துணைநிற்கிறது.

அமைப்பில் ஒற்றுமை மிகுந்திருப்பதாலேயே சொற்களில் தடுமாற்றம் நேர்கிறது. தமிழில் ‘வாசனை வருகிறது’ என்றால் பெரும்பாலும் பாராட்டு; தெலுங்கில் அடையின்றி ‘வாசன வஸ்தோந்தி’ என்றால் பல சூழல்களில் குறையே. ‘கம்பு’ என்பது கன்னடத்தில் நறுமணம், தெலுங்கில் துர்நாற்றம். ஆனால் அதே குடும்பத்தைச் சார்ந்த ‘கம்மனி’ தெலுங்கில் இனிய மணத்தையும் சுவையையும் குறிக்கிறது. தமிழின் ‘கமழ்’ இச்சொற்களோடு இனமுடையதாகக் கருதப்படுவது; அது உயர்பொருளிலேயே நின்றுவிட்டது.

‘நாற்றம்’ என்பதன் வரலாறும் இத்தகையதே. திருக்குறள் ஐம்புலன்களை எண்ணுமிடத்தில் அது பொதுவாக மணத்தையே குறிக்கிறது. கற்பூரத்தின் நறுமணத்தைச் சுட்ட ‘நாறு’ என்னும் வினையையே ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் ஆள்கிறார். இன்றோ தமிழிலும் மலையாளத்திலும் ‘நாற்றம்’, கன்னடத்தில் ‘நாத’ ஆகியவை தீய மணத்தையே குறிக்கின்றன. பொதுச்சொல் இழிபொருளுக்கு இறங்க, அவ்விடத்தை நிரப்பப் புதுச்சொல் வருவது மணத்துறையில் பலமுறை நிகழ்ந்துள்ளது.

திருப்பதியில் அனைவரும் அறிந்த பச்சைக் கற்பூரத்தைக் கொண்டு இதனை விளக்கலாம். இலட்டில் அது சேரும்போது தமிழர் ‘கற்பூர வாசனை’ என்பர். தேயிலை, அருகிலுள்ள மணங்களை எளிதில் ஈர்க்கும் இயல்புடையது. மல்லிகைத் தேயிலை உருவாவது இவ்வியல்பினாலேயே. தேயிலை டப்பாவைப் பூசைப் பொருள்களோடு வைத்தால் தேயிலையில் ஏறுவதும் அதே கற்பூர மணந்தான். ஆனால் அங்கு அதன் பெயர் ‘கற்பூர வாடை’. பொருள் ஒன்று, இடம் மாறியது, சொல்லும் மாறியது. தேயிலைத் தேர்வாளர் ஆங்கிலத்தில் ‘டெய்ன்ட்’ என்று குறிக்கும் அயல்மணக் குற்றத்திற்கு ‘வாடை’ என்பதைவிடப் பொருத்தமான சொல் தேடவேண்டியதில்லை.

6. தேர்வாளர் சொற்களும் தமிழ் நிகரன்களும்

மேற்கண்ட அமைப்பைப் பின்பற்றினால் பல சொற்கள் எளிதில் அமைகின்றன. ‘ஸ்மோக்கி’ என்பது உலர்த்தும் அடுப்பின் புகை கசிந்ததால் நேர்ந்த குற்றமாயின் ‘புகைநெடி’; சீனத்தின் லாப்சாங் தேயிலையில் போல வேண்டுமென்றே ஏற்றப்பட்டதாயின் ‘புகைமணம்’. ஆங்கிலத்தில் ஒரே சொல், தமிழில் இரண்டு. ‘கிராஸி’ என்பது போதிய அளவு வாடாத இலையின் ‘பச்சைவாடை’. ‘மஸ்டி’ என்பது ஈரம் புகுந்த சரக்கின் ‘பூசணவாடை’. ‘பேக்கி’ என்பது உலர்த்துஞ்சூடு சற்று மிகுந்ததைக் குறிக்கும். அதனினும் மிக்கதே ‘தீய்ந்த வாடை’.

‘மால்ட்டி’ என்பது மட்டும் தடுத்து நிறுத்துகிறது. மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை. அதனை மணத்தால் அறியாத வாசகருக்கு ‘மால்ட் மணம்’ என்பது வெறும் ஒலி. சத்துமாவிற்காகக் கேழ்வரகை முளைகட்டி வறுக்கும் மணம் தமிழ், தெலுங்கு இல்லங்கள் இரண்டிலும் பழகியது. ‘முளைதானிய மணம்’ என்பது செய்முறையாலும் மணத்தாலும் அதற்கு நெருங்கியது.

7. மணமுள்ளதும் மணமூட்டியதும்

சொல்தேர்வு சுவைநயத்தோடு நின்றுவிடுவதன்று என்பதற்கு ஒரு சான்று போதும். ஆங்கிலத்தில் ‘ஃப்ளேவரி’ என்பது இலையிலேயே இயற்கையாக அமைந்த சிறந்த மணத்தைப் பாராட்டும் தேர்வாளர் சொல். ‘ஃப்ளேவர்ட்’ என்பது வெளியிலிருந்து மணப்பொருள் சேர்க்கப்பட்டதைக் கூறும் சட்டச் சொல். மணம் சேர்க்கப்பட்ட தேயிலையை அவ்வாறே உறையில் அறிவிக்கவேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. அவ்விதிகள் உறையில் ஆங்கிலம் அல்லது இந்தியைக் கட்டாயமாக்கி, பிற மொழிகளைக் கூடுதலாக இடம்பெற இசைகின்றன. ஆகவே தமிழ், தெலுங்குச் சொற்கள் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பிலேயே நிற்கின்றன.

இவ்விரண்டையும் ‘மணமுள்ள தேயிலை’ என்று பெயர்த்தால் பாராட்டும் எச்சரிக்கையும் ஒன்றாகிவிடும். ஏலக்காய் மணம் சேர்த்த தூளை வாங்குபவர் அது இலையின் இயல்பான மணமென்று எண்ணக்கூடும். முன்னதை ‘மணமிக்க தேயிலை’ என்றும் பின்னதை ‘மணமூட்டிய தேயிலை’ என்றும் பெயர்த்தால் ஐயம் நீங்கும். தெலுங்கிலும் ‘பரிமளபரித’ என்பதற்கும் ‘பரிமளம் சேர்ச்சின’ என்பதற்கும் இதே வேறுபாடு உண்டு. ‘ஊட்டு’ என்னும் பிறவினையும் ‘சேர்ச்சு’ என்னும் பிறவினையும், மணத்தைச் சேர்த்தது இலையன்று, மனிதனே என்பதை அறிவிக்கின்றன. வாங்குபவரின் உரிமை இங்கு ஒரு வினை வடிவத்தைச் சார்ந்து நிற்கிறது.

8. முடிவுரை

உலர்தேயிலையின் மணத்தைச் சொல்லத் தமிழிலும் தெலுங்கிலும் சொற்கள் போதிய அளவில் உள்ளன. குறை, அவற்றின் அமைப்பைக் கருதாது ஒரு பொதுச்சொல்லை எல்லா இடத்திலும் ஆள்வதிலேயே உள்ளது. பிறப்பிடத்தை முன்மொழியாகவும், தாக்கத்தையும் மதிப்பீட்டையும் பின்மொழியாகவும் அமைத்தல். பின்மொழிக்கு இயைந்த வினையைத் தேர்தல். இயல்பான மணத்தையும் ஊட்டிய மணத்தையும் வினை வடிவால் பிரித்தல் ஆகிய மூன்றும் பெயர்ப்போருக்குப் பயன்படும் நெறிகளாம்.

இவற்றோடு, ஒருமொழியில் நற்பொருள் தரும் சொல் அண்டை மொழியில் தீப்பொருள் தரலாம் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. சித்தூர், திருப்பதி வட்டாரத்து இருமொழியாளர் இவ்வேறுபாட்டை அன்றாடம் தம் நாவில் கடந்து செல்கின்றனர். ‘வாசனை’, ‘வாசன’ போன்ற இணைகளை அவர்களின் வழக்கிலிருந்தே தொகுத்து, எச்சூழலில் எப்பொருள் என்று குறித்துவைத்தால், 1997இல் குப்பத்தில் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம் போன்ற அமைப்புகளின் ஒப்பியல் அகராதிப் பணிக்கு அது துணையாகும். உறையின்மேல் அச்சாகும் சொல்லும் அத்தொகுப்பால் திருந்தும்.