லென்ஸ் வாங்கும்போது நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள்

கரிவலம்வந்தநல்லூரிலிருந்து சங்கரன்கோவிலுக்கும் ராஜபாளையத்துக்கும் பஸ் ஏறிப் படிக்கப் போகும் பிள்ளைகளில் கண்ணாடியை வெறுப்பவர்கள் உண்டு. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டாரே கான்டாக்ட் லென்ஸ் வாங்கித் தருவதும் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் என்ன வகை, எத்தனை நாளில் தூக்கி எறிய வேண்டும் என்று கேட்காமல் வாங்கிவிடாதீர்கள்.

கருவிழியில் ரத்தக்குழாய் கிடையாது. விழித்திருக்கும் நேரத்தில் அது ஆக்சிஜனைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. 1961இல் செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டெர்லே உருவாக்கிய மென்லென்ஸின் பொருள் ஹைட்ரோஜெல். மெத்தென்று இருக்கும், ஆக்சிஜனை மட்டும் குறைவாகவே உள்ளே விடும். அதைப் பல ஆண்டுகள் காலை முதல் இரவு வரை போட்டால், மூச்சு முட்டும் கருவிழிக்குள் ஓரத்திலிருந்து ரத்தக்குழாய்கள் வளரத் தொடங்கும். வலிக்காது என்பதால் பரிசோதனையில்தான் தெரியவரும். 1990களின் இறுதியில் வந்த சிலிக்கோன் ஹைட்ரோஜெல் பல மடங்கு ஆக்சிஜன் விடும். தினமும் நெடுநேரம் போடுபவர்களுக்கு அதுவே நல்லது.

அதற்காக அதைப் போட்டபடி தூங்கிவிடக் கூடாது. தினமும் கழற்றுபவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் ஏறக்குறைய 2 முதல் 4 பேருக்குக் கருவிழிப்புண் வருகிறது. போட்டுக்கொண்டே தூங்குபவர்களில் அது 20 பேர் அளவுக்குப் போகிறது. சிலிக்கோன் வந்த பிறகும் இந்த ஆபத்து குறையவில்லை.

மாத லென்ஸிலும் வருட லென்ஸிலும் கண்ணீரின் புரதம் படியும். இமையின் உட்புறம் கொப்புளித்து, அரிப்பெடுக்கும். ஒருநாள் லென்ஸில் இந்தத் தொல்லை குறைவு. கிருமி வந்தாலும் பார்வை பறிபோகும் அளவுக்கு முற்றுவது அரிது. எப்போதாவது போடுபவர்கள் இதையே கேட்டு வாங்குங்கள். வயல் வேலைக்கும் தறிக்கும் கண்ணாடியே போதும்.

நம் பக்கத்தில் பயப்பட வேண்டியது பூஞ்சைக்கு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் 1990களில் ஆராய்ந்தபோது, கிருமி பிடிபட்ட கருவிழிப்புண்களில் ஏறத்தாழ பாதி பூஞ்சையால் வந்தவை. கண்ணில் நெல்தாள் குத்தினால் புகுகிற ஃபியூசேரியம் என்ற பூஞ்சை, 2006இல் சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்காவில் லென்ஸ் போட்டவர்களையும் தாக்கியது. அந்த ஆண்டு மே மாதம் பாஷ் அண்டு லாம்ப் நிறுவனம் 'ரெனு வித் மாய்ஸ்ச்சர்லாக்' என்ற லென்ஸ் கழுவும் திரவத்தை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது.

அதோடு, குழாய், கிணறு, ஆறு என எந்தத் தண்ணீரும் லென்ஸில் படக் கூடாது. அகந்தமீபா என்ற நுண்ணுயிர் அதில் இருக்கலாம். குளிக்குமுன் கழற்றிவிடுங்கள். பழைய திரவத்தின்மேல் புதியதை ஊற்றாதீர்கள். டப்பாவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் உடனே லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை 1988 முதல் இயங்குகிறது. தாய்ப்பால் விடுவதும், சீட்டில்லாமல் மருந்துக்கடையில் ஸ்டீராய்டு சொட்டு வாங்குவதும் வேண்டாம். ஸ்டீராய்டு சிவப்பைக் குறைத்துக் காட்டும்; பூஞ்சையோ உள்ளே பரவும். கண்ணில் பூ விழுந்த பிறகு மாற்றுக் கருவிழிக்குக் காத்திருக்க நேரும்.

பவர், வளைவு, விட்டம் மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். உறை பிரிக்காத லென்ஸ், காலாவதித் தேதி, உரிம எண், பில் ஆகியவற்றையும் கேளுங்கள். 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்துக்குள் வருகின்றன. லென்ஸும் அதில் அடக்கம். லென்ஸால் கேடு நேர்ந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. கண்ணில் கேடு நேர்ந்தால் லென்ஸையும் டப்பாவையும் திரவப் புட்டியையும் கழுவாமல் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். எந்தக் கிருமி என்று அவர் கண்டுபிடிக்கவும், பின்னால் ஆணையத்தில் நீங்கள் நிரூபிக்கவும் அவை வேண்டும்.