நெசவாளர் இல்லங்களில் வழங்கும் மொழிகள்

நம் சங்கங்களின் தீர்மானப் புத்தகங்களைப் புரட்டினால் எல்லாம் தமிழிலேயே இருக்கக் காணலாம். துணை விதிகள், பற்றுவரவு, கூலிப் பட்டியல் யாவும் தமிழே. ஆனால் அத்தீர்மானங்கள் எந்த மொழியில் விவாதிக்கப்பட்டன என்பதைப் புத்தகம் சொல்லாது. மதுரையிலும் பரமக்குடியிலும் நிர்வாகக் குழுவினர் பலர் தம்முள் பேசிக்கொள்வது சௌராஷ்டிரம். சேலத்திலும் அருப்புக்கோட்டையிலும் தேவாங்கர் பலரின் வீட்டு மொழி கன்னடம். பத்மசாலியர் இல்லங்களில் தெலுங்கு. கரிசல் நிலத்தில் பருத்தி விளைவிக்கும் குடும்பங்கள் பலவும் தலைமுறை தலைமுறையாக வீட்டில் தெலுங்கு பேசுவன. தமிழில் தலைசிறந்த கதைகளைத் தந்த கி. ராஜநாராயணன் அத்தகைய வீடொன்றில் பிறந்தவரே.

ஆய்வுக்குச் செல்லும் ஊர்களில், வீட்டில் இன்ன மொழி பேசுவதென்று எப்பொழுது முடிவு செய்தீர்கள் என்று அங்கத்தினரைக் கேட்பது என் வழக்கமாகி விட்டது. பெரியவர்கள் சிரிப்பார்கள். யாரும் உட்கார்ந்து முடிவு செய்ததில்லை. முடிவு செய்தது தறி. குழித்தறியில் தந்தை அமர்ந்திருப்பார். தாய் தார் சுற்றுவாள். பாட்டி அறுந்த இழையைப் பிணைப்பாள். குழந்தை அருகில் தவழும். தொழிலைக் கற்பித்த மொழியே வீட்டு மொழியாக நின்றது. நூல் வியாபாரியிடமும் காய்கறிக்காரியிடமும் தமிழ். இரண்டுக்கும் இடம் தனித்தனியே இருந்தமையால் ஒன்றை ஒன்று நெருக்கவில்லை.

இந்த ஏற்பாடு புதியதன்று. லாட நாட்டிலிருந்து தசபுரம் வந்து குடியேறிய பட்டு நெசவாளர் குழுவினர் கி.பி. 437இல் அங்கே சூரியனுக்குக் கோயில் எடுத்ததையும், 473இல் அது புதுப்பிக்கப்பட்டதையும் மந்தசோர்க் கல்வெட்டு கூறுகிறது. சௌராஷ்டிரர் பலர் தம் முன்னோரை இவர்களோடு இணைத்துப் பேசுவர். அக்கல்வெட்டு சமஸ்கிருதச் செய்யுளில் உள்ளது. அந்நெசவாளர் தம் மனைவி மக்களோடு எம்மொழியில் பேசினர் என்பது அதிலும் எழுதப்படவில்லை! அவருள் சிலர் வேறு தொழில்களுக்குச் சென்றதையும் அது குறிக்கிறது.

இன்று அதுவே நிகழ்கிறது. தறி வீட்டை விட்டுச் சென்றது; பிள்ளைகள் அலுவலகங்களுக்குச் செல்கின்றனர். முன்பு தறி செய்த முடிவை இப்பொழுது பெற்றோரே செய்ய வேண்டியிருக்கிறது.

கலப்பு மணம் நடந்த இரு வீடுகளை அறிவேன். இரண்டிலும் மருமகள் தமிழ் பேசும் குடும்பத்தவள். ஒரு வீட்டில் அவளுக்கு மரியாதை செய்வதாக எண்ணி, எல்லோரும் தமிழுக்கு மாறினர். நல்லெண்ணந்தான், ஆனால் மூன்று ஆண்டுகளில் பாட்டி வாய் மூடிப் போனாள். தமிழ் அறியாதவள் அல்லள். எனினும் பேரனிடம் வேடிக்கை பேசவும் கோபிக்கவும் அவளுக்குத் தமிழ் போதவில்லை. மற்றொரு வீட்டில் மாமியார் அடுக்களையில் தம் மொழியிலேயே பேசினார். மருமகள் தமிழில் விடை சொன்னாள். இரண்டு ஆண்டுகளில் இவளுக்கு அதுவும் வந்து விட்டது. குழந்தை இருவரிடமும் இரு மொழியில் பேசுகிறது.

குழந்தை குழம்பிப் போகாதா என்று அஞ்சுவோர் உளர். பிரெஞ்சு மொழியறிஞர் ஜூல் ரோன்ழா என்பவர் தம் மகனிடம் பிரெஞ்சிலும், அவர் மனைவியார் ஜெர்மன் மொழியிலும் மட்டுமே பேசி வளர்த்தனர். அதனை 1913இல் நூலாக எழுதினார். பிள்ளை இரண்டையும் செம்மையாகக் கற்றான். நம் இரண்டாவது வீட்டு மாமியார் அந்நூலைப் படித்தவர் அல்லர். வழி மட்டும் ஒன்றே. ஒவ்வொரு மொழிக்கும் நாள்தோறும் போதிய பேச்சுக் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். பண்டிகைக்கு மட்டும் எடுத்து வைக்கும் மொழி குழந்தையின் நாவில் ஏறாது.

எனக்கு வருத்தந்தருவது வேறொன்று. ஆங்கிலப் பள்ளியில் சேர்த்த குழந்தையிடம், தாமே சரிவர அறியாத ஆங்கிலத்தில் நான்கு சொற்களைப் பெற்றோர் திரும்பத் திரும்பச் சொல்கின்றனர். பாட்டியின் பழமொழியும் இல்லை, தமிழின் வளமும் இல்லை. ஆங்கிலத்தைப் பள்ளி கற்பிக்கும். அதற்குத்தானே கட்டணம் செலுத்துகிறோம்! தமிழைப் பற்றியும் கவலை வேண்டா. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ் நம் பள்ளிகளில் படிப்படியாகக் கட்டாய பாடமாக்கப்பட்டது. தெருவும் தமிழே பேசுகிறது. வீட்டு மொழிக்குத்தான் வீட்டைத் தவிர வேறு பள்ளி இல்லை. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யுமாறு 1956இல் சேர்க்கப்பட்ட அரசியலமைப்பின் 350ஏ விதி மாநிலங்களைக் கேட்டுக்கொள்கிறது. ஆயினும் சிறு தொகையினரின் மொழிக்கு ஆசிரியரும் புத்தகமும் எளிதில் அமைவதில்லை.

சௌராஷ்டிர மொழிக்குத் தனி எழுத்து உண்டு. தொ. மு. இராமாராய் அதில் நூல்களை அச்சிட்டார். 2008இல் அது யுனிகோடு என்னும் கணினிக் குறியீட்டு முறையிலும் இடம்பெற்றது. இருப்பினும் பலர் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொள்கின்றனர். அதில் பிழையொன்றும் இல்லை என்பதே என் எண்ணம். எழுத்தைப் பற்றி வழக்காடும் நேரத்தில் ஒரு கதையைக் குழந்தைக்குச் சொல்லி முடித்து விடலாம்.

மக்கள்தொகைக் கணக்கில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகக் கூறியோர் 2001இல் 1,85,420 பேர். 2011இல் 2,47,702 பேர். பத்தாண்டில் மூன்றில் ஒரு பங்கு கூடியது பிறப்பினால் மட்டும் இருக்க முடியாது. கணக்கெடுப்பவர் வாயிலில் நிற்கும்போது எதைத் தாய்மொழியென்று சொல்வது என்பதும் ஒரு குடும்ப முடிவே. சிலர் அதனை மாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

சங்கங்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. பொதுப் பேரவையில் அறிக்கையைத் தமிழில் வாசித்ததும் பெண் அங்கத்தினர் பேசாதிருப்பர். காரியதரிசி அதையே வீட்டு மொழியில் எடுத்துச் சொன்னதும் கூலி உயர்வைப் பற்றியும் நூல் குறைவைப் பற்றியும் பத்துக் கேள்விகள் எழும். இதை நான் பன்முறை கண்டிருக்கிறேன். தீர்மானம் தமிழில் பதிவாகட்டும். விளக்கத்தை அவரவர் மொழியில் சொல்லத் துணை விதி எதுவும் தடையில்லை. வருகிற பேரவையிலேயே தொடங்கலாம்.